தோண்டாமல் விட்ட ஆறடி

எங்கள் கிரேக்க ஊரான யெரோந்தாவில் பிறந்த எவனுக்கும் அப்பல்லோ சாமியின் தலைமேல்தான் வீடு. அந்தக் கோயிலை நூற்றுக்கணக்கான வருஷம் கட்டியும் முடித்தபாடில்லை. அதற்குள் சாமியே மாறிவிட்டார். பிறகு அது மாதாகோயில் ஆனது, கோட்டை ஆனது, பூகம்பத்தில் சரிந்தது. சரிந்ததன் மேல் நாங்கள் குடியேறினோம். விழுந்த பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீட்டுக்குப் பூசினோம். ஊரே பூசிக்கொண்டது, பழி மட்டும் சூளைக்கார அநெஸ்தியின் தலையில் விழுந்தது. நல்ல நியாயம்!

அவன் காய்ச்சலில் செத்தபோது கோயில் இடிபாட்டை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துத் தோண்டி, எலும்பை மதுவில் கழுவிப் பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். எலும்பு சுத்தமாக வந்தால் ஆத்மா கரையேறிவிட்டது. சதை கரையாமல் வந்தால் சாபம்.

"தூணைச் சுட்டவனை மண்ணு ஏத்துக்குமா?" என்று எதிர்வீட்டு தெஸ்பூ கிணற்றடியில் தினமும் சொல்வாள், அநெஸ்தியின் மனைவி ஸ்மராக்தாவின் காதில் விழும்படியாகவே.

கெடு முடிய ஆறு மாதம் இருக்கையில், கோயிலைத் தோண்ட வந்த வெளிநாட்டுத் துரையின் ஆட்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். மற்றவை எல்லாம் பழைய குழிகள்; எலும்புகளைச் சொந்தக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் அநெஸ்தி ஒருவன்தான்.

"அக்கா, இவரையும் இப்பவே எடுத்துடுவோமே" என்றார் மேஸ்திரி யொர்தானிஸ்.

"பாதி வெந்த ரொட்டிய அடுப்புலேர்ந்து எடுப்பியா நீ? புனித தெமெத்ரியோஸ் திருநாளுக்குத்தான் மூணு வருஷம் முடியுது. அதுக்கு முன்னால மண்வெட்டி பட்டுதுன்னா, முதல் வெட்டு என் மேலதான்."

ஸ்மராக்தா நூற்கும் கதிரை எடுத்துக்கொண்டு கல்லறை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள். தோண்டுகிறவர்கள் எல்லாரும் நம்மூர் ஆண்கள். கைம்பெண் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவன் கை வைப்பான்? துரை வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், சுற்றித் தோண்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே தோண்டினார்கள். கோடை முடிவதற்குள் படிகளும் தூண்களின் அடிப்பீடங்களும் வெளியே வந்தன. நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மண் திட்டு நின்றது, உச்சியில் அநெஸ்தி. ஸ்மராக்தா மாலைதோறும் ஏணி வைத்து ஏறி விளக்கேற்றினாள்.

"தூணைச் சுட்டவனுக்கே தூணா!" என்று தெஸ்பூ கைகொட்டிச் சிரித்தாள்.

திருநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. திட்டின் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது. இன்னும் ஒரு முழம் போனால் சவப்பெட்டி தெரிந்துவிடும். ஸ்மராக்தா கொட்டும் மழையில் உடைந்த பளிங்குத் துண்டுகளை மார்போடு அணைத்துத் தூக்கிவந்து முட்டுக்கொடுத்தாள்.

"அதெல்லாம் துரை நம்பர் போட்ட கல்லு, அக்கா!" என்று ஓடிவந்தார் மேஸ்திரி.

"நம்பர் எங்கயும் ஓடிப்போயிடாது. அந்தப் பக்கம் பிடி."

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். திட்டு நின்றது.

திருநாளன்று ஊரே கூடியது. பாதிரியார் ஜெபம் சொல்ல, யொர்தானிஸ் தோண்டினார். ஸ்மராக்தாவின் உதடு வெளுத்துவிட்டது. மண்ணிலிருந்து மண்டையோடு வந்தது. தேன்மெழுகு நிறம், ஒரு பிசிறு சதை இல்லை. அவள் அதை வாங்கி மதுவில் கழுவினாள்.

எல்லாரும் வரிசையாக வந்து, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லி முத்தமிட்டுப் போனார்கள். தெஸ்பூ வந்தாள், வாய் திறக்காமல் குனிந்தாள். ஸ்மராக்தா மண்டையோட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா பேசின வாய்தானே? சத்தமா சொல்லு. கடைசியில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

தெஸ்பூ பாதிரியாரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"கடவுள் மன்னிக்கட்டும்."

"யாரை?"

"அநெஸ்தியை" என்றாள் தெஸ்பூ. அவள் குரல் உடைந்தது. "எங்க வீட்டுச் சுவரும் அவன் சுட்ட சுண்ணாம்புதான், ஸ்மராக்தா."

அப்போதுதான் ஸ்மராக்தா அழுதாள். மூன்று வருஷத்து அழுகை. மண்டையோட்டைத் தெஸ்பூவின் கையில் கொடுத்துவிட்டு அவள் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.