அண்ணன் பார்த்த இங்கிலீஷ் படம்

எனக்குப் படம் வரைய வரும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகமெல்லாம் என் அண்ணனுக்குத்தான்.

அண்ணனுக்கு ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலில் வந்தவர் அவர். கடை நன்றாக ஊன்றிய பிறகு என்னையும் வரவழைத்துக்கொண்டார். துறைமுகத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்கள், மீன்காரர்கள், ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பங்கள் எல்லாரும் எங்கள் வாடிக்கை. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புளி மூட்டைகளின் மேல் கரித்துண்டால் வாடிக்கைக்காரர்களின் மூஞ்சிகளை வரைந்துகொண்டிருப்பேன். மூட்டை விற்றுப் போகும்போது படமும் கூடவே போய்விடும்.

மத்தியானம் கடை சாத்தும் நேரத்தில் பக்கத்துச் சினிமாக் கொட்டகைக்குப் போய் விளம்பரத் தட்டி எழுதுவேன். மவுண்ட் ரோட்டில் ஓடி அலுத்த இங்கிலீஷ் படங்கள் எங்கள் பக்கம் வந்து சேரும். தட்டி எழுதுகிறவன் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதெல்லாம் கிடையாது. படப்பெட்டிக்கு முன்பே கறுப்பு வெள்ளை போட்டோக்கள் வந்துவிடும். அவற்றை வைத்துக் கதையை நாமே ஊகித்து, நிறத்தையும் நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தட்டியை மாட்டு வண்டியில் கட்டித் தம்பட்டம் அடித்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். படத்தில் கதை வேறாக இருந்தால் அது கதையின் கோளாறு என்பது என் கட்சி.

அந்த வருஷம் அண்ணன் திருவொற்றியூரில் கிளைக்கடை திறக்க முடிவு செய்தார். தை பிறந்ததும் அதில் நான்தான் உட்கார வேண்டும். விடிந்ததிலிருந்து பூட்டும்வரை கடையே கதி. பிரஷ்ஷைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான். மாட்டேன் என்றேன். படம் வரைந்து நன்றாக வாழ்ந்தவன் ஒருவனைக் காட்டு, விட்டுவிடுகிறேன் என்றார் அண்ணன். நியாயமான பேச்சுதான். காட்டுவதற்குத்தான் என்னிடம் ஆள் இல்லை.

அப்போது வந்து சேர்ந்தது அந்தப் படம். அமெரிக்காக்காரன் ஒருவன் பிரான்ஸ் தேசத்துக்குப் போய் ஓவியனாக இருக்கிற கதை, பாட்டும் டான்ஸும் நிறைய என்று கொட்டகை மானேஜர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. போட்டோக்களைப் பரப்பிப் பார்த்தேன். ஒன்றில் அழகான பெண்ணோடு ஆடுகிறான். இன்னொன்றில் நகை பூண்ட சீமாட்டி ஒருத்தி அவன் படத்தை உற்றுப் பார்க்கிறாள். வேறொன்றில் பெரிய காரிலிருந்து இறங்குகிறான். அண்ணனுக்குக் காட்ட ஆள் கிடைத்துவிட்டான். இங்கிலீஷ் படமென்றால் எங்கள் கொட்டகைத் தட்டியில் நாயகன் கையில் துப்பாக்கி இருந்தே தீர வேண்டும். நான் பிரஷ்ஷைக் கொடுத்து, அவனை ராஜா மாதிரி நிறுத்தினேன். அண்ணனிடம் போய், வந்து பாருங்கள், ஓவியன் எப்படி வாழ்கிறான் என்று மார்தட்டினேன். சினிமாப் பக்கமே போகாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு வரச் சம்மதித்தார்.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே குட்டு உடைந்துவிட்டது. நான் ராஜாவாக நிறுத்தியவன் திரையில் ஒண்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். படங்களைத் தெருவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறான். போகிற வருகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் அந்தச் சீமாட்டியுடையது. அப்படியும் பாடுகிறான், ஆடுகிறான். சண்டைக்காகக் காத்திருந்த தரை டிக்கெட் கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது.

“இன்னாபா இது, ஒரு குத்துகூட கெடையாதா? ஆடிக்கினே கீறான்” என்றார் எங்கள் பின்னால் இருந்தவர்.

அண்ணன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் புரிந்த அரைகுறைக் கதையை அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சீமாட்டியைத் தவிர அவன் படத்தை யாருமே வாங்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியானால் அவன் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை என்று கேட்டார்.

படம் முடிந்து வெளியே வந்து நடந்தோம். திருவொற்றியூர்க் கடையில் தராசும் கையுமாக நான் நிற்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அண்ணனைக் கூட்டிப்போய் என் வேலையை நானே கெடுத்துக்கொண்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அங்கே நின்றபோது அண்ணன் பேசினார்.

“நான் மொதல்ல இங்க வந்து என்ன வித்தேன் தெரியுமாலே? ரோட்டோரத்துல சாக்க விரிச்சிக் கருப்பட்டி வித்தேன். ஒரு பய வாங்கல. இதென்ன இப்படிக் கறுப்பா கெடக்குன்னு கேட்டுட்டுப் போயிருவானுவ. ஊருக்கு வந்துருன்னு நம்ம அய்யா ஆள் மேல ஆளா அனுப்புனாவ. நான் போவல.”

இது எதுவுமே எனக்குத் தெரியாது. நான் வந்தபோது கடைக்குப் பெயர்ப்பலகை ஏறியிருந்தது, வாசலில் வண்டிகள் நின்றன. அண்ணன் கடையோடு பிறந்தவர் என்றே நினைத்திருந்தேன். அத்தனை நேரம் அவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, தன்னை என்று அப்போதுதான் புரிந்தது.

கூட்ஸ் வண்டி போய் கேட் திறந்தது. அண்ணன் நகரவில்லை.

“நீயும் படத்த விட்டுட்டுப் போவ மாட்ட. கடைக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்” என்றார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கருப்பட்டி விக்காத நாள்ல நான் பட்டினி கெடந்திருக்கேன். சாப்பிடக் கூப்பிட்டவுக வீட்டுக்குக்கூடப் போவல, வெக்கப்பட்டுக்கிட்டு. நீ அப்படி இருந்துராத. படம் வித்தாலும் விக்காட்டாலும் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்துரணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவென்றும் பார்க்காமல் அழுதேன்.

அப்புறம் வடசென்னையில் என் கை படாத தட்டி இல்லை என்கிற அளவுக்கு எழுதினேன். மவுண்ட் ரோட்டுக் கொட்டகைகளே ஆள் விட்டுக் கூப்பிட்டன. எந்த வேலையானாலும் பிரஷ்ஷை அப்படியே எண்ணெயில் போட்டுவிட்டு ராயபுரத்துக்குக் கிளம்பிவிடுவேன். அண்ணன் இருந்தவரை மத்தியானச் சோற்றை நான் வெளியில் சாப்பிட்டதில்லை.