ஆளுக்கொரு உத்தரவு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் டாக்டர். அன்று காலை அன்னவாசல் பக்கம், நடவுக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற லோடு வேன் கவிழ்ந்தது. அடிபட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு பெண்ணுக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பினேன். வழியில் சீனியர் ஒருவர் நிறுத்தி, "முதல்ல ஸ்கேன் எடுங்க" என்றார். ஸ்கேன் அறை வாசலில் இன்னொரு சீனியர், "இங்க வச்சுப் பாக்க முடியாது, திருச்சிக்கு அனுப்புங்க" என்றார். வெளியே போனால், ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வெளியூரில் இருந்தார். அவர் இல்லாதபோது யார் பொறுப்பு என்று எவரும் முடிவு செய்திருக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி கூடவே ஓடிய கணவர் கத்தினார்: "அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்குறீங்களே, இங்க யாருதாங்க முடிவு சொல்றது?"

வராந்தாவிலேயே அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது.

மறுநாள் கூட்டத்தில் கண்காணிப்பாளர், "எல்லாரும் நல்லாப் பாடுபட்டீங்க" என்று பாராட்டினார். சிலர் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"ஆளுக்கொரு உத்தரவு போட்டே அந்தம்மாவைக் கொன்னுட்டோம் சார். இன்னைக்கு யார் பொறுப்புன்னு தினமும் வாசல்ல எழுதிப் போடுங்க. அதுக்குச் சம்மதிக்கிற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் சம்மதித்தார்.

இப்போது தினமும் காலையில் கரும்பலகையில் ஒரு பெயர் எழுதுகிறோம். ஒரு சாக்பீஸ் துண்டு போதும் இதற்கு. இதற்குப் போய் ஓர் உயிரைப் பறிகொடுத்தோமே! யாரையும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.