ஆடிப்போன படம்

போன மாதம் ஜெயமேரியை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். ஜெயமேரி என் மனைவி. வாராவாரம் பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியில் எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன்... அவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

தலைவலி. நெற்றிக்குள் குடைகிறது என்றாள். தைலம் தேய்த்தாள், மாத்திரை போட்டாள், போகவில்லை. எங்கள் டாக்டர், "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம்" என்று எழுதிக் கொடுத்தார். முன்பென்றால் இதற்கு மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். இப்போது திண்டுக்கல்லுக்கே மெஷின் வந்துவிட்டது. சவுகரியம்தானே?

எனக்கு அன்று அந்தச் சவுகரியமும் போதவில்லை. சாயங்காலம் நிலக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. நான் சிறப்பு விருந்தினர். நோட்டீஸில் போட்டோவெல்லாம் போட்டிருந்தார்கள். இங்கேயோ எங்களுக்கு முன்னால் ஏகப்பட்ட கூட்டம். எங்கள் முறை வருவதற்குள் மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், எங்கம்மா உங்க பத்தியை வாரம் தவறாமப் படிப்பாங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த மரியாதையை மரியாதையாகவே வைத்திருக்க மனசு வருமா? உடனே சலுகையாக மாற்றிக்கொண்டேன்.

"தம்பி, சீக்கிரமா முடிக்கிறதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"வேகமா எடுக்கிற முறை இருக்கு சார். ஆனா படம் அம்புட்டுத் தெளிவா வராது. மெதுவா எடுத்தாத்தான் சுத்தமா இருக்கும்."

"வேகமாவே எடுங்க. பெருசா என்ன இருந்துறப்போகுது?"

தலை யாருடையது? அவளுடையது. முடிவெடுத்தது யார்? நான். அவர் கொஞ்சம் தயங்கினார். "சரி சார், முடிஞ்சதெல்லாம் வேகமா எடுத்துர்றேன். ஒண்ணு மட்டும் மெதுவா எடுத்தே ஆகணும்" என்றார்.

தாலி, தோடு, கொண்டை ஊசி, சேலையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். தாலியைக் கழற்றும்போது மட்டும் முகம் சுண்டிப்போனது. டெக்னீஷியன் அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "அம்மா, தடதடன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க. தலையை அசைக்கக் கூடாது. வாயைத் தொறந்து பேசவும் கூடாது" என்றார். மேஜை அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்காரவேண்டிய நான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். பத்திரிகைக்காரன் இல்லையா? அங்கிருந்து பார்த்தால் அவள் பாதம் இரண்டும்தான் தெரிந்தது. வேகப் படங்கள் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தன. கடைசியாக அந்த மெதுவான படம் ஆரம்பித்தது. அடுத்த நோயாளியைத் தயார் செய்ய டெக்னீஷியன் எழுந்தார். "எதையும் தொட்டுறாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மேஜைமேல் ஒரு மைக். பட்டனை அழுத்தினால் உள்ளே இருப்பவர் காதில் பேசலாம். அழுத்தினேன். ஏன்? அக்கறைதான்... கொஞ்சம் பந்தாவும்தான்.

"ஜெயா, பயமா இல்லேல்ல?"

பதில் இல்லை.

"கேக்குதுல்ல? நல்லாத்தான இருக்க? இன்னும் கொஞ்ச நேரந்தான்... சரியா?"

அதற்கும் பதில் இல்லை. சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மறுபடி கேட்டேன். டெக்னீஷியன் திரும்பி வருகிற காலடி கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். படமும் முடிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஸ்கேன் சென்டர் டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். திரையில் காதுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

"இது கட்டியா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். வேகமா எடுக்கிற படத்துல, காது எலும்பு ஓரத்துல மெஷினே இப்படி இல்லாததைக் காட்டும். அதைச் சரிபார்க்கத்தான் மெதுவான படம். அதைப் பாருங்க..."

பார்த்தேன். தலைக்குள் தலை, அதற்குள் இன்னொரு தலை. கண்ணே நாலு தெரிந்தது. குளத்தில் கல்லைப் போட்ட மாதிரி எல்லாம் அலையடித்துக் கிடந்தது.

"நல்லா அசைஞ்சிருக்காங்க. இதை வச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கணும். புதன்கிழமை வாங்க. அன்னைக்கு எல்லாமே மெதுவாத்தான் எடுப்போம்."

வெளியே வந்தோம். அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். ஆமாம், போனேன். மேடையில் எனக்கு மல்லிகை மாலை போட்டார்கள். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கைதட்டினார்கள்.

புதன்கிழமை வரை நான் பட்டபாடு இருக்கிறதே... கட்டி என்ற வார்த்தை சோற்றிலும் வந்தது, தூக்கத்திலும் வந்தது. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். இவள் இல்லாவிட்டால்? அந்த நினைப்பில் கோயிலுக்குப் போய் மாதா முன்னால் நின்றேன். இவள் எனக்கு வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இதை வீட்டில் அவளிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் எப்போதும்போல் சமைத்தாள், என் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

புதன்கிழமை. அதே டெக்னீஷியன். ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார்:

"ஏம்மா, அன்னைக்கு முதல்ல எடுத்ததுக்கெல்லாம் அசையாமத்தானே இருந்தீங்க? கடைசிப் படத்துல மட்டும் என்னாச்சு?"

ஜெயமேரி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இவுக கேட்டுக்கிட்டே இருந்தாக தம்பி. பயமா இல்லேல்லன்னு, நல்லாத்தான இருக்கன்னு... கேட்டா பதில் சொல்ல வேணாமா? வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீக. அதான் தலைய ஆட்டுனேன்."

டெக்னீஷியன் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார்... வெளிய பெஞ்சுல இருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். என்னைக்காவது அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேனா? "போகலாம்ல?" "நல்லாத்தான இருக்கு?" "ஒண்ணும் இல்லேல்ல?" இதெல்லாம் கேள்வியா? பதிலையும் நானே உள்ளே வைத்துக் கொடுத்துவிடுகிறேன். அவளுக்குத் தலையாட்டுகிற வேலை மட்டும்தான் மிச்சம். உங்கள் வீட்டில் எப்படி? ஒரே ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப்பாருங்கள்.

ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். திரையில் தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண் இரண்டுதான். அந்த வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "கட்டி, கிட்டி எதுவும் கிடையாது. மெஷின் சொன்ன பொய்தான்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, தலைவலி எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வாரம், பத்து நாளா..." என்று ஆரம்பித்தேன்.

"நான் அம்மாவைக் கேட்டேன் சார்."

"பொங்கலுக்கு முன்னாடி இருந்தே இருக்குங்கம்மா" என்றாள் ஜெயமேரி. "எந்நேரமும் இல்ல. இவுக எழுதுறதப் பாத்து எழுதுவேன்ல, அப்பத்தான் ஆரம்பிக்கும்."

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பத்திரிகையில் டைப் செய்கிறவர்களுக்குப் புரியாது. அதனால் வாராவாரம் இந்தப் பத்தியை நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பது அவள்தான். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு எழுதுவாள். டாக்டரம்மா கண் டாக்டரிடம் அனுப்பினார். வெள்ளெழுத்து. கண்ணாடி போட வேண்டும்.

கண்ணாடி வருகிற வரைக்கும் பேனாவைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். இந்த வாரத்துப் பத்தியை நானே உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக எழுதினேன். எழுதி முடித்து, அவளை உட்காரவைத்துப் படித்தும் காட்டினேன். மைக்கை அழுத்தியதிலிருந்து நிலக்கோட்டை மாலை வரை எதையும் மறைக்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

"போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

"எல்லாஞ் சரி. ஒண்ண விட்டுட்டீகளே?"

"எதை?"

"அன்னைக்கு வெளிய வந்ததும் ஆட்டோக்காரவுக முன்னாடி என்னைய வஞ்சீகளே... அது எங்க?"

அவளைத் திட்டியதை நான் மறந்துபோய் விட்டுவிடவில்லை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டுதான் விட்டேன்.

"அது வேண்டாமேன்னு..." என்று இழுத்தேன்.

"எழுதுங்க."

எழுதிவிட்டேன். தலைக்குள் கட்டியோ என்னவோ என்கிற பயத்தோடு தாலியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தவளிடம், நாலு பேர் காதில் விழும்படி நான் கேட்டது இதுதான்:

"செத்த நேரம் பொணம் மாதிரிக் கெடக்கத் தெரியாதா ஒனக்கு?"