படைக்குமுன் எடுத்த கொழுக்கட்டை

ஜெமிமா டீச்சருடைய வாழ்க்கையை எழுத என்னைவிடத் தகுதியில்லாத ஆள் பாளையங்கோட்டையில் கிடையாது. அதைக் கெடுத்தவனே நான்தான். ஆனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? மேடையில் பேசியதற்கு ஒரு சால்வை போட்டோம், அத்தோடு ஊர் மறந்துவிட்டது.

என் பெயர் அசன் மைதீன். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை. எங்கள் வட்டார நல்லிணக்கக் குழுவுக்கு நான் செயலாளர். மூன்று மதத்துக்காரர்களையும் வரிசையாக உட்காரவைத்துப் போட்டோ எடுப்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

டீச்சர் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். கணவர் ஜேசுதாசன் போய்ச்சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. மகன் சுஜின் துபாயில். சாமிக்குப் படைத்த பண்டத்தை டீச்சர் வாயில் வைக்கமாட்டார். அவருடைய விசுவாசம் அப்படி. பக்கத்து வீட்டு ஞானம்பாளோ பரம சைவம், முட்டை வெந்த பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். இந்த இரண்டு பேரும் ஒரே மதிலைப் பங்குபோட்டுக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் இருந்தார்கள் என்றால், எங்கள் குழு என்னத்துக்கு? அப்போது எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

டீச்சர் குடிவந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு ஞானம்பாள் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். டீச்சர் வாங்கிக்கொண்டார், சாப்பிடவில்லை. அது எப்படியோ அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. அடுத்த வருஷம் காலை ஏழு மணிக்கே மதில்மேல் தூக்குச்சட்டியை வைத்து, "டீச்சர், இது படைக்கதுக்கு முன்ன எடுத்தது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. டீச்சரும் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஞானம்பாளுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட என்றே ஒரு எண்ணெய்ச்சட்டி வாங்கினார். மீனும் முட்டையும் காணாத சட்டி அது, மற்ற நாளெல்லாம் பரண்மேல் கிடக்கும். அதற்கப்புறம் ஒருவருக்கொருவர் எதையும் விளக்கிக்கொண்டதில்லை. ஞானம்பாள் வீட்டு ஆட்களுக்கே இந்த விஷயம் தெரியாது.

போன வருஷக் கூட்டத்தில் பேச டீச்சரைக் கூப்பிட்டேன்.

"வசனமெல்லாம் வேண்டாம் டீச்சர். உங்க தெருவுல நடந்தது ஏதாவது சொல்லுங்க."

"அது எங்களுக்குள்ள உள்ளது பாய்" என்று தயங்கினார்.

நல்லதைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று நான் விடவில்லை. சொன்னார். மண்டபமே எழுந்து கைதட்டியது. நான் அந்த வீடியோவை வெட்டி, 'சாமிக்கு முன்னால் சிநேகிதிக்கு' என்று தலைப்புப் போட்டு, தெரிந்த வாட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் அனுப்பினேன். அந்தத் தலைப்புக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞானம்பாளின் மகன் குமரகுருபரன் மதுரையிலிருந்து வந்து இறங்கினான். தெருவுக்கே கேட்டது.

"முப்பது வருசமா பிள்ளையாருக்கு மிச்சத்தையா படைச்ச? அப்பா வாதம் வந்து படுத்துக் கெடக்காவளே, எதனாலன்னு இப்பமாவது தெரியுதா?"

நமச்சிவாயம் அண்ணாச்சிக்கு வாதம் வந்தது சர்க்கரையால். அது ஞானம்பாளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நாலு வருஷமாகப் புருஷனுக்கு மலமூத்திரம் எடுக்கிறவளிடம், காரணமே நீதான் என்று பெற்ற பிள்ளை சொன்னால் மனசு எங்கே நிற்கும்? மதில் பக்கம் அவர் வருவது நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்குப் போன முந்திரிக்கொத்து அப்படியே திரும்பி வந்தது. சபையிலும் இரண்டு பேர், "கொழுக்கட்டை திங்கிற ஆளா நீங்க?" என்று டீச்சரிடம் கேட்டுவிட்டார்கள்.

இந்த வருஷச் சதுர்த்தியன்று ஏழு மணிக்கே டீச்சர் மதிலோரம் போய் நின்றிருக்கிறார். ஒன்பது மணிவரை நின்றாராம். பதினொரு மணிக்கு நான் போனேன். புதுக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் கொடுத்து, மறுபடியும் அவரைப் பேசக் கூப்பிடத்தான் போனேன், வெட்கங்கெட்டவன். அப்போது ஞானம்பாள் வாசல்வழியாக வந்தார். நெற்றியில் பூஜை முடித்த திருநீறு, கையில் தூக்கு.

"டீச்சர், இது படைச்ச பொறவு எடுத்தது. இனும அப்படித்தான் தரமுடியும். வேண்டாம்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

டீச்சர் மூடியைத் திறந்தார். மேலாக இருந்த கொழுக்கட்டையில் ஒட்டியிருந்த அறுகம்புல்லை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகப் படைத்ததை வாயில் போட்டு, மென்று விழுங்கினார். நானும் படைத்ததைச் சாப்பிடாதவன்தான், அது லேசில் தொண்டையில் இறங்காது என்று எனக்குத் தெரியும். சிநேகிதம் மிஞ்சினால் போதும் என்றுதான் விழுங்கினார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலும், இதை மேடையில் சொன்னால் எப்படியிருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞானம்பாள் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சாப்பிட முடியுது, என்ன டீச்சர்? அப்ப இத்தனை வருசமும் சாப்பிட்டிருக்கலாமே. நான் சாமிக்கு மிச்சத்தை வச்சிருக்க மாட்டேனே."

ஞானம்பாள் மீதியை மூடி எடுத்துக்கொண்டு வாசல்வழியாகவே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வீட்டில் மீன் பொரித்தார். எனக்கும் இரண்டு துண்டு வைத்தார். அடுப்பில் இருந்தது பரண்மேல் கிடந்த அந்தச் சட்டி.