கழலாத வளையல்

எண்பதுகளின் கடைசியில், திருமணமான அதே வருடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. ஆர்டர் வாங்கப் போன அன்றே மூத்த நர்ஸ் என் கையைப் பார்த்தார்.

"கண்ணாடி வளையலோட வந்துராதம்மா. அடிபட்டவனைப் பிடிக்கையில ஒடஞ்சி புண்ணுக்குள்ள போயிரும்."

சேருவதற்கு முதல் நாள், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து சோப்பு போட்டு இழுத்தேன். ஆடிப்பூரத்தன்று மாமியார் கூடவே நின்று, வளையல்காரரிடம் சொல்லி இறுக்கமாகப் போடவைத்தவை. ஒன்றுகூட கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை. எரிச்சலில் துவைக்கிற கல்லில் கையைத் தட்டினேன்.

சத்தம் கேட்டு மாமியார் ஓடி வந்தார்.

"அடிப்பாவி! எம் மவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கையில வளையலை ஒடைக்கியே! வெள்ளைச் சேலை கட்ட அம்புட்டு அவசரமா ஒனக்கு?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அது நர்ஸ் சேலை. ஒடஞ்சது வளையல், ஒங்க மவன் இல்ல. வேணும்னா அவியகிட்டயே கேளுங்க" என்று நானும் கத்தினேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தோம். கல்யாணத்துக்கு முன் என்னை வேலைக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்த மனிதர், கொல்லைக் கதவோரம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

வருகிற ஆளுக்கு உயிர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் முதல் கேஸ் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.