குடிநீருக்கு நேரே ஒரு டிக்

ஒரே உதவியை இரண்டு பேர் செய்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நிவாரண ஒருங்கிணைப்பாளரின் வேலை. ஒருவராவது செய்கிறாரா என்று பார்ப்பது வேறு இலாகா. இருபது வருஷம் பல நாடுகளில் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, போதும் என்று திருவண்ணாமலைக்குத் திரும்பி, செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு எடுத்தேன். வந்த மூன்றாம் மாதமே புயல் மழை. அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு ஏரி உடைந்து, கீழே இருந்த சின்ன ஊருக்குள் புகுந்தது. மனித உயிருக்குச் சேதமில்லை. ஆனால் ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த ஒரே கிணறு சேறாகிப்போனது. அதில் இரண்டு ஆடுகள் வேறு செத்து மிதந்தன. நல்ல காரியத்துக்கான வாட்ஸ்அப் குழு எதிலாவது மாட்டிக்கொண்டு, வெளியேறத் தைரியமில்லாமல் இருப்பவர்கள் மேலே படிக்கலாம். நீங்கள் என் இனம்.

அறிமுகப் படலம்

உதவ முன்வந்தவர்களின் முதல் கூட்டம் ஒரு கஃபே மாடியில் நடந்தது; அனுபவஸ்தன் என்று ஒருங்கிணைப்பை என் தலையில் கட்டினார்கள். பதினோரு அமைப்புகள், ஏழு நாட்டுக்காரர்கள். சில அமைப்புகளில் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாமே ஒருவர்தான். ஒவ்வொருவரும் எழுந்து, இந்த மலை தன்னை எப்படி அழைத்தது என்று சொல்லி முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அவசர உதவிக் கூட்டத்தில் அவசரப்படுவது நாகரிகமில்லை அல்லவா?

பதினைந்து வருஷமாக இங்கேயே இருக்கும் டச்சுக்காரப் பெண்மணி மார்த்தா மட்டும், கிணற்றைப் பற்றி எப்போது பேசப்போகிறோம் என்று கேட்டார். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். பழக்கதோஷம். அவர் நோட்டை மூடிக்கொண்டு, கடைத்தெருவில் கற்ற தமிழில் சொன்னார்:

"சரி சார். தாகத்துக்கிட்டயும் சொல்லிடுங்க, அடுத்த கூட்டம் வரைக்கும் வராதேன்னு."

ஏழாவது படிவம்

தேவை தெரியாமல் உதவக் கூடாது என்பது எங்கள் வேதம். ஆகவே கணக்கெடுப்பு. ஒவ்வொரு அமைப்புக்கும் அதன் நாட்டில் ஒரு தலைமையகம், ஒவ்வொரு தலைமையகத்துக்கும் ஒரு படிவம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, எல்லோருக்கும் பொதுவாக நான் ஒரு படிவம் தயாரித்தேன். அதுவரை ஆறு படிவங்கள் இருந்தன. என் புண்ணியத்தில் ஏழு ஆயின.

அதை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவுக்குப் போனேன். ரோடு அரித்துப்போனதால் தண்ணீர் லாரி அங்கே வர முடியவில்லை. மகளிர் குழுத் தலைவி கலா, முக்கால் மைல் நடந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்தார். நான் பேனாவைத் திறப்பதற்குள், இடுப்புக் குடத்தை இறக்காமலே சொன்னார்:

"எழுதிக்குங்க சார். ஆளு அஞ்சு, கூரை பாதி, ஆடு ரெண்டு செத்துச்சு, மனசு எப்படி இருக்குதுன்னா பரவால்ல. உங்க பேப்பர்ல கெணறு எத்தினாவது கேள்வி?"

நிரம்பிய கட்டம்

கிணறு 'இதர' என்பதற்குக் கீழே இருந்தது. வெட்கப்பட்டு அதை மேலே கொண்டுவந்தேன். யார், என்ன, எங்கே என்று ஒரு பெரிய அட்டவணை எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினேன். கம்பளிக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர். குடிநீர்க் கட்டத்தில், கடல் கடந்து பெரிய அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அமைப்பு தன் பெயரை எழுதிக்கொண்டது. அதற்கு நேரே நானே பச்சை மையில் டிக் அடித்தேன். அழகான டிக்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊர் விவசாயி ஜெயபால் நயினார் டிராக்டரில் வந்து இறங்கினார். ட்ரெய்லரில் ஆயில் இன்ஜின், ஓஸ் பைப், சேறு அள்ள நாலு ஆள். கிணறு எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார். நான் அவரை பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே வேலையில் இரண்டு பேர் இறங்கினால் வளங்கள் எப்படி வீணாகும் என்று உதாரணங்களோடு விளக்கினேன். மூன்று நாட்டு உதாரணங்கள். நயினார் சமணர், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். வெளிச்சம் மங்குவதைப் பார்த்து மரியாதையாக எழுந்தார்.

"சரிங்க. டிக்கு அடிச்சுட்டீங்கன்னா தண்ணி இந்நேரம் தெளிஞ்சிருக்கும். இருட்டறதுக்குள்ள நான் சாப்டாகணும், வரேங்க."

முதல் தெரு

கார் திரும்புவதற்கு இடம் இருந்தது முதல் தெருவில் மட்டும்தான். அதனால் உலகத்தின் கருணை முழுவதும் அங்கேயே திரும்பிப் போனது. அட்டவணையில் கம்பளிக்கு ஒரே ஒரு பெயர்தான். கொடுத்தவர்கள் ஐந்து பேர். ஒருவர் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி, அந்த ஓசையால் அதிர்ச்சியைப் போக்கினார். மழை விட்டுப் புழுக்கம் ஆரம்பித்திருந்தது. தெருமுனை டீக்கடைக்காரர் எனக்கு நிலவரம் சொன்னார்:

"முதல் தெருவுல கம்பளி ஜாஸ்தி சார். குளிருதான் கம்மி."

தலைமையகத்தின் பதில்

ஆறாம் நாளும் குடிநீர் அமைப்பின் பம்ப் வரவில்லை. சுமந்து வந்த குடம் போதாமல், கலாவின் நாலு வயது மகள் எங்கேயோ தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு, வாந்தி பேதியோடு அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் ட்ரிப்ஸ். நான் வீடியோ அழைப்பில் அந்த அமைப்பின் தலைமையகத்தைப் பிடித்தேன்.

திரையில் வந்தவர் நல்ல மனிதர். பம்ப் எடுக்க மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டாக வேண்டும், இரண்டு விலைப்புள்ளிகள் வந்துவிட்டன, ஒன்றுதான் பாக்கி என்றார். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். உண்மையாகவே வருந்தினார். பிறகு ஒரு விதியை எடுத்துச் சொன்னார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

"குழந்தை சுகாதாரக் கட்டத்தில் வரும். குடிநீரிலும் காட்டினால் இரட்டைப் பதிவாகிவிடும்."

படித்தவர்

மறுநாள் விடிந்ததும் நயினார் வீட்டு வாசலில் போய் நின்றேன். தமிழிலும் இங்கிலீஷிலும் மன்னிப்பு தயாரித்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமுவதற்குள் அவர் டிராக்டரைக் கிளப்பிவிட்டார்.

ஆடுகளை வெளியே எடுத்தபோது நயினார் மட்டும் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு இன்ஜின் ஓடியது. மத்தியானத்துக்குள் தண்ணீர் வற்றியது, சாயங்காலத்துக்குள் சேறு மேலே வந்தது. இரண்டு நாளில் ஊற்று தெளிந்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, சுகாதார ஆய்வாளர் சோதித்துப் பார்த்துக் குடிக்கலாம் என்றார். நான் டீசல் கேன் பிடித்தேன். என் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாகக் கை அழுக்கானது.

கலாவின் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, கலாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலிலேயே வந்த இன்ஜினைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியும் சார். நயினாரு அன்னிக்கே சொன்னாரு. படிச்சவரு தடுக்கிறாருன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நாங்கதான் சும்மா இருந்துட்டோம்."

பேரிடர்களில் இயற்கை செய்வது, மனிதன் செய்வது என்று இரண்டு வகை உண்டு என்று பல நாடுகளில் வகுப்பு எடுத்திருக்கிறேன். கூட்டம் போட்டுச் செய்வது என்று மூன்றாவது ஒன்று இருப்பதைச் சொந்த ஊருக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.