ஊறப் போட்ட கொக்குகள்

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது அப்பாவின் இலாகா. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டுக்கு வருகிற யாரும் அதை அவர் வாயாலேயே கேட்காமல் கிளம்ப முடியாது. அந்தப் பெருமைதான் ஒரு சனிக்கிழமை அம்மாவின் கொக்குகளைக் கரைத்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. கோயம்புத்தூரில் கல்லூரியில் பாடம் நடத்திய அம்மாவுக்கு, இங்கே வேலை பார்க்க விசா இடம் தரவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த கொரியன் ஆன்ட்டி மண்பாண்ட வகுப்பு எடுத்தார், அம்மா சேர்ந்துகொண்டார். பல நூறு வருடங்களுக்கு முன் ஆன்ட்டியின் நாட்டில் செய்த பச்சைக் கிண்ணங்களின் முறை அது. மண் பாதி காய்ந்திருக்கும்போது படத்தைக் கீறி, மேலே வெள்ளைக் களிமண் குழம்பை அப்பிவிட வேண்டும். இறுகியதும் சுரண்டினால் கீறலுக்குள் போனது மட்டும் வெள்ளையாக நிற்கும். பிறகுதான் சூளையும் பச்சைப் பூச்சும்.

அம்மா தன் கிண்ணத்தில் கீறியவை கொக்குகள். வாத்து என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. குழம்பை அப்பி, மறுநாள் சுரண்டலாம் என்று கிண்ணத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அப்பாவின் கண்ணுக்கு அது இட்லி மாவு ஒட்டிய பாத்திரம். காய்ந்துவிட்டால் தேய்ப்பது கஷ்டம் என்று, பொறுப்பாக வெந்நீர் ஊற்றி சிங்க்கில் ஊறப் போட்டார்.

அம்மா திரும்பி வந்தபோது, சுடாத மண் கரைந்து அங்கே சேறுதான் இருந்தது.

"சாரிமா. மாவுப் பாத்திரம்னு நெனச்சு சோக் பண்ணிட்டேன்," என்றார் அப்பா.

அம்மா திட்டவில்லை. சேற்றை இரண்டு கையாலும் அள்ளி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அப்பா சும்மா இருக்கவில்லை. ஆன்லைனில் தேடோ தேடென்று தேடி, அந்த வாரமே அதே மாதிரி கிண்ணம் ஒன்றை வரவழைத்தார். அதில் கொக்குகள் கொக்குகளாகவே இருந்தன. கழுத்து, கால், இறக்கை எல்லாம் கச்சிதம். அம்மா "நல்லா இருக்குங்க" என்று சொல்லி அதை ஷோகேஸில் வைத்தார். வீட்டில் பழையபடி பேச்சு வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த சனிக்கிழமை அம்மா வழக்கம்போல வகுப்புக்குக் கிளம்பினார்.

"அதான் பௌல் வந்தாச்சே. இன்னும் எதுக்கு கிளாஸ்?" என்றார் அப்பா. அதில் கேலி இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அம்மா அந்தச் சேற்று டப்பாவைக் கையில் எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.